வன்னியில் ஒரு சட்டப் பள்ளி படுத்தது எதனால்?

தொடக்கக் கேள்வி, 2024 பெப்ரவரி 11

வன்னியில் சட்டம் படிக்க இருந்த ஒரே இடமும் பூட்டும் நிலைக்கு வந்துவிட்டது. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று நிற்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இல்லை, அதுதான் காரணம். தமிழில் சட்டம் படித்து இனிப் பயன் இல்லை. அங்கே படிப்பித்தவர்கள் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள்.

2024 பெப்ரவரி 11, இரவு

அங்கே படிப்பித்தவர்களில் நானும் ஒருவன். மறுக்கிறேன்.

அது பட்டம் வழங்கிய இடம் அல்ல. கொழும்பு புதுக்கடையில் 1874 முதல் இயங்கும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சைக்கும், திறந்த பல்கலைக்கழகச் சட்டமாணிப் (எல்.எல்.பி.) படிப்பைத் தொடர்பவர்களுக்கும் வார இறுதியில் வகுப்பு நடத்திய தனியார் நிலையம். சட்டப் பள்ளி என்று ஊர் சொன்னது, நாங்களும் அப்படியே சொன்னோம். பெயரை எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆங்கிலம்தான் காரணம் என்றால் 2012இல் பெயர்ப்பலகை வைத்த அன்றே பூட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி ஓரிரு வருடம் ஆனவர்கள். இடம்பெயர்வில் பள்ளிப்படிப்பே துண்டுதுண்டாகப் போனவர்கள். இன்றைய பிள்ளைகளைவிட அவர்களுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் கதிரை போதாமல் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் வாங்கு இரவல் எடுத்தோம்.

நிலையத்தைக் கவிழ்த்தது தலைமை. நாளைக்கு முல்லைத்தீவில் வழக்கு இருக்கிறது, மிச்சம் பிறகு.

பெப்ரவரி 14

"தமிழில் சட்டம் படித்துப் பயன் இல்லை" என்ற வரியைச் சும்மா விட மனம் வரவில்லை.

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நீதிமன்றங்களில் வழக்கேடு எந்த மொழியில் எழுதப்படுகிறது? தமிழில். 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையே அதற்கு அத்திவாரம். சாட்சியை விசாரிப்பது தமிழில், குறுக்கு விசாரணை தமிழில், பிராதும் மறுமொழியும் சத்தியக்கடதாசியும் தமிழில். ஆங்கிலம் வேண்டியது சட்ட அறிக்கைகளை வாசிக்கவும், மேன்முறையீட்டில் கோப்பு கொழும்புக்குப் போகும்போதும். அது சின்ன விடயம் அல்ல. ஆங்கிலம் வாசிக்காத சட்டத்தரணி பழைய தீர்ப்புகளை அடுத்தவர் வாயால் கேட்டு நம்ப வேண்டியவர். ஆனால் தமிழில் ஒழுங்காக ஒரு பிராது எழுதத் தெரியாதவர் வன்னியில் முதல் தவணையிலேயே அகப்பட்டுக்கொள்வார்.

நிலையத்தைத் தொடங்கிய மூத்த சட்டத்தரணிக்கு இது தெரிந்திருந்தது. காலை வகுப்பு பரீட்சைக்கு, மாலை வகுப்பு தொழிலுக்கு என்று பிரித்து வைத்தார். அந்த மாலை வகுப்பைப் பற்றி எழுதாமல் மற்றதை எழுதினால் விளங்காது.

பெப்ரவரி 14, பிந்தி

ஒருவர் 2012 அல்ல, 2011 என்கிறார். பலகை வைத்தது 2012. வகுப்பு அதற்கு முன்பே கோயில் மண்டபத்தில் தொடங்கிவிட்டது. இருவர் சொல்வதும் சரி, வழக்குச் செலவு இல்லை.

பெப்ரவரி 18

அந்த மாலை வகுப்பை நாங்கள் கோப்பு வகுப்பு என்போம். சனிக்கிழமை மாலை நான்கு மணி. பாடப்புத்தகம் கிடையாது. யாராவது ஒரு மாணவர் வீட்டிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவர வேண்டும். காணி உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, எதுவானாலும் சரி. அந்தத் தாளை வைத்து இரு பக்கமும் பிரிந்து வழக்காட வேண்டும். யாருக்கு எந்தப் பக்கம் என்பதை நிலையத்தைத் தொடங்கியவர் தீர்மானிப்பார். பெரும்பாலும் மாணவரின் மனச்சாய்வுக்கு எதிர்ப்பக்கம்தான் கிடைக்கும்.

எனக்கு மறக்காத நாள் ஒன்று. நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து வந்த முன்பள்ளி ஆசிரியை ஒருவர் தாத்தாவின் பேர்மிட்டை, அதாவது அரச காணி அனுமதிப்பத்திரத்தை, கொண்டுவந்தார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. பொலித்தீன் உறைக்குள் நான்காக மடித்தபடி இருந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் ஸ்ரிக்கர் போட்டு ஒட்டியிருந்தார்கள். முள்ளிவாய்க்கால் வரைக்கும் அம்மம்மா அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். பின்னுரித்தாளியின், அதாவது அடுத்து காணியைப் பெறுபவரின், பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தாத்தா 2009 ஏப்ரலில் இறந்துவிட்டார்.

பெயர் குறிக்காமல் அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் உயிரோடிருக்கும் துணைக்கு உரிமை உண்டு. ஆனால் 68ஆம் பிரிவு ஒரு கொக்கி வைத்திருக்கிறது. இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் துணை காணியில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை தவறிவிடும். அந்த ஆறு மாதத்தில் அம்மம்மா எங்கே இருந்தார்? செட்டிகுளம் முகாமில், முள்ளுக்கம்பிக்குள். ஊருக்குப் போக யாரையும் விடவில்லை.

அரச பக்கம் வாதாடக் கிடைத்தது ஒரு பொலிஸ் உத்தியோகத்தருக்கு. அவர் நன்றாகவே வாதாடினார்: சட்டத்தில் விதிவிலக்கு எழுதப்படவில்லை, எழுதாததை நாம் சேர்க்க முடியாது. அம்மம்மாவின் பக்கம் நின்றவர் ஒரு தேங்காய் வியாபாரி. இயலாததைச் செய்யும்படி சட்டம் ஒருவரைக் கட்டாயப்படுத்தாது என்ற பழைய கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்கு உத்தியோகத்தர் கேட்டார்: "சரி, முகாமிலிருந்து விட்டபிறகும் காணிக்குப் போகச் சுணங்கினாரே, அந்த மாதங்களுக்கு என்ன பதில்?" வகுப்பு ஒரு நிமிடம் வாயடைத்துப்போனது. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை சொன்னது, "கண்ணிவெடி அகற்றி முடித்த திகதிக்குக் கடிதம் எடுக்கலாம் சேர்." மாலை ஏழு மணிக்கும் யாரும் எழும்பவில்லை. கடைசி பஸ் போய்விட்டது.

தொடங்கியவர் முடிவில் தீர்ப்புச் சொல்லவில்லை. "இந்த அம்மம்மா திங்கட்கிழமை காலை எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும், கையில் என்ன தாள் இருக்க வேண்டும்? அடுத்த கிழமை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். பிரதேச செயலகம், காணி உத்தியோகத்தர், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், முகாம் பதிவுத் துண்டு, கண்ணிவெடி அகற்றல் கடிதம். அந்தப் பட்டியலை எழுதிய பிள்ளைகளில் சிலர் இன்றைக்கு என் எதிர்த்தரப்பில் நிற்கிறார்கள். சில நாள் தோற்கவும் வைக்கிறார்கள்.

பெப்ரவரி 19

இல்லை, அந்த அம்மம்மாவின் விடயம் எப்படி முடிந்தது என்று இங்கே எழுத மாட்டேன். அவர்கள் குடும்ப விடயம்.

அந்தக் காணிச் சட்டத்தில் வாரிசு வரிசையைச் சொல்லும் மூன்றாம் அட்டவணையில் மகள்மாருக்கு முன்னால் மகன்மாரை வைத்திருந்தார்களே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மைதான். மூத்தவள் பெண்ணாக இருந்தால் அவளைத் தாண்டி இளைய தம்பிக்குப் போகும். 2022 திருத்தத்தில்தான் ஆண், பெண் வேறுபாடு எடுக்கப்பட்டது. எங்கள் நிலையத்தின் அச்சடித்த குறிப்பில் 2023 முடிவிலும் பழைய அட்டவணைதான் இருந்தது. இது நான் சொல்லப்போகும் கதைக்குள் வருகிறது.

பெப்ரவரி 25

தொடங்கியவர் நோய்வாய்ப்பட்டு 2017இல் ஒதுங்கினார். முகாமைத்துவ சபை புதிய பணிப்பாளரைக் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற அதிபர். நல்ல பெயர் எடுத்தவர். போர் முடிந்தபின் கூரையில்லாத ஒரு பாடசாலையை நிமிர்த்தி வைத்தவர். சட்டம் படித்தவர் அல்ல, அதில் எனக்கு ஆட்சேபனை இருக்கவில்லை. நிருவாகம் தெரிந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவருக்கு நிருவாகம் தெரிந்திருந்தது. பாடசாலை நிருவாகம்.

முதல் மாதம் காலைக் கூட்டம் வந்தது. தேவாரம், இன்றைய சிந்தனை, பிந்தி வந்தவர்கள் தனி வரிசை. அந்த வரிசையில் நிற்பவர்கள் யார்? இரவுக் கடமை முடித்து மாங்குளத்திலிருந்து பஸ் பிடித்து வந்த தாதி, நாற்பது வயதுக் கிராம அலுவலர், பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்த ஆசிரியை. இரண்டாம் மாதம் விடுமுறைக் கடிதத்தில் பெற்றோர் கையொப்பம் வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டினார். அந்தத் தாதி தன் ஏழு வயது மகனிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் பெரியவர் அவன்தான் என்றார். பணிப்பாளர் சிரிக்கவில்லை. நாங்கள் ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தோம்.

சிரிப்பு அதோடு முடிந்தது. மூன்றாம் மாதம் கோப்பு வகுப்பை நிறுத்தினார். காரணம் எழுத்தில் தந்தார்: மாணவர்கள் சத்தம் போடுகிறார்கள், விரிவுரையாளரை எதிர்த்துப் பேசுகிறார்கள், அயலவர்கள் முறைப்பாடு செய்கிறார்கள், பாடத்திட்டத்தில் இல்லை. நான்கு காரணமும் உண்மை. அந்த நேரத்துக்கு ஆளுமை விருத்தி வகுப்பு என்று ஒன்று போட்டார். வெளியிலிருந்து ஒருவர் வந்து கைகுலுக்குவது எப்படி என்று படிப்பித்தார்.

பெப்ரவரி 26

"அவர் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணிதம் படிப்பித்தவர், ஒரு சதம் தொடாதவர், அவரை இப்படி எழுதலாமா" என்று ஒருவர் கோபித்திருக்கிறார்.

ஒரு சதம் தொடவில்லை. நானே சாட்சி சொல்வேன். கணக்குப் புத்தகம் கண்ணாடி. மின்விசிறி பழுதானால் தன் கைக்காசில் திருத்துவார். களவெடுத்திருந்தால் ஒரு முறைப்பாட்டோடு காரியம் முடிந்திருக்கும். நேர்மையானவர் தவறாக நடத்தினால் யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அதனால்தான் இத்தனை வருடம் இழுத்தது.

மார்ச் 3

நூலகம்.

லண்டனிலிருந்து புலம்பெயர்ந்த அன்பர்கள் பெட்டிபெட்டியாகச் சட்டப் புத்தகம் அனுப்பினார்கள். நல்ல மனதோடு அனுப்பியது, குறை சொல்ல வரவில்லை. பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி ஆங்கிலேயரின் ஆதனச் சட்டம், 1925ஆம் ஆண்டு அங்கே வந்த சட்டத்துக்கு எழுதிய உரைகள். எங்கள் காணியோ உரோம டச்சுச் சட்டம், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, அரச காணி அனுமதிப்பத்திரம் என்று மூன்று கயிற்றில் கட்டியிருக்கிறது. அந்த அலுமாரியில் தேசவழமை பற்றி ஒரு பிரதிகூட இல்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் இல்லை. முதுசொம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடிய தேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) இவற்றுக்குள்தான் பாதி வழக்கு நடக்கிறது, அதற்கு ஒரு தாளும் இல்லை.

திறப்பு விழா மட்டும் குறைவில்லாமல் நடந்தது. நாடா, குத்துவிளக்கு, பொன்னாடை, இரண்டு பக்கமும் மாணவிகள் ஆராத்தித் தட்டோடு. மறுநாள் அலுமாரிச் சாவி பணிப்பாளரின் மேசை லாச்சிக்குள் போனது. புத்தகம் தொலையக்கூடாது என்பது அவர் கவலை. தொலையவில்லை. இன்றைக்கும் எல்லாப் புத்தகமும் இருக்கும். எண்ணிப் பார்க்கலாம்.

அதே காலத்தில் குறிப்புகளையும் அச்சடித்தார்கள். பழைய கையெழுத்துக் குறிப்பைத் தட்டச்சு செய்து, அட்டை போட்டு, பணிப்பாளரின் படமும் ஆசிச் செய்தியும் முதல் பக்கத்தில். அச்சில் வந்தபிறகு மாற்ற அனுமதி இல்லை, அச்சடித்த பிரதிகள் முடியட்டும் என்றார். 2016இல் வந்த ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டத்தைச் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் தன் காணிக்குப் போக முடியாதவனுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று சொல்லும் சட்டம். பத்து வருடம் இருந்தால் காணி எனக்கு என்று எத்தனையோ பேர் வேலி போட்டுவிட்ட வன்னியில் இதைவிட முக்கியமான இரண்டு பக்கம் உண்டா? என் தாளில் பச்சை மையால் "கவனிக்கப்பட்டது" என்று எழுதித் திரும்பி வந்தது.

மார்ச் 3, சற்று நேரம் கழித்து

பச்சை மை அதிபர்மாருக்கு உரியது என்று ஒருவர் விளக்கம் தந்திருக்கிறார். நன்றி.

மார்ச் 10

ஆங்கிலக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர் விடவில்லை.

2020 டிசம்பர் இறுதியில் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் நடத்துவதற்கான விதிகள் வர்த்தமானியில் வந்தன. தமிழ், சிங்கள மாணவர்கள் இரு பக்கமும் பதறினார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அந்த விதிகளை நிராகரித்தது. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் போனது. அந்த இடைவெளியில் ஒரு நிலையம் என்ன செய்திருக்க வேண்டும்? தமிழ் வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு மணிநேரம் தீர்ப்புகளை ஆங்கிலத்தில் வாசிக்கப் பழக்கியிருக்கலாம். விதி வந்தாலும் வராவிட்டாலும் அது வீண்போகாது. ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னவர் யாழ்ப்பாணத்திலிருந்து வருகைதரு விரிவுரையாளராக வந்த ஒரு இளைஞர். எல்லா வகுப்பையும் ஆங்கிலத்துக்கு மாற்ற முடிவு எடுத்துவிட்டதாகப் பணிப்பாளர் சொன்னபோது, "எந்த அடிப்படையில் சேர்?" என்று கேட்டுவிட்டார். அடுத்த மாத நேரசூசியில் அவர் பெயர் இல்லை. பயணப்படியும் வரவில்லை.

ஒரே நாளில் எல்லா வகுப்பும் ஆங்கில மூலம் என்று பதாகை கட்டினார்கள். ஆங்கிலத்தில் படிப்பிக்க ஆள் இல்லை. தமிழ்க் குறிப்பை ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலமாக்கி, அதை வாசித்துவிட்டுத் தமிழில் விளக்கம் சொன்னோம். மாணவர்கள் இரண்டையும் எழுதினார்கள், இரண்டும் விளங்கவில்லை. பாராளுமன்றம் நிராகரித்த மறு வாரம் பதாகையைக் கழற்றிவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார்கள். அதற்குள் நல்ல தமிழ் மாணவர்கள் கொழும்புச் சூம் வகுப்புகளுக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே ஆங்கிலமும் காரணம் என்று சொல்ல விரும்பினால் சொல்லுங்கள். இருந்த ஆங்கிலத்தையும் சேர்த்துக் கெடுத்தது யார் என்பதையும் சொல்லுங்கள்.

மார்ச் 12

முதல் குறிப்பில் எல்லாவற்றையும் தலைமையின் தலையில் போட்டேன். கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் வராமல் இருந்திருந்தால் இன்னும் சில வருடம் ஓடியிருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஓடியிருக்கும். அதே ஊரில் தையல் வகுப்பும் கணினி வகுப்பும் அதே கொரோனாவைத் தாண்டி ஓடுகின்றனவே என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 2022ஐப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அது எங்கள் நிலையத்தின் மிகச் சிறந்த வழக்கு நடந்த வருடம்.

மார்ச் 17

2022 ஜூன், ஜூலை. பெற்றோல் இல்லை. எரிபொருள் நிலையத்தில் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு அதன்மேலேயே படுத்து எழும்பிய காலம். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ ஆர் முறை வந்தபிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். ஒட்டுசுட்டானிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் வருகிறவர்கள் எப்படி வருவார்கள்? சனிக்கிழமை வகுப்பில் நகரத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

தவணை முடிவில் அறிவித்தல்: எண்பது வீத வரவு இல்லாதவர்கள் மாதிரிப் பரீட்சைக்கு அனுமதிக்கப்பட மாட்டார்கள், கட்டணம் திருப்பித் தரப்படாது.

துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று, முன்னே "கண்ணிவெடிக் கடிதம்" சொன்னதே அதே பிள்ளை, பணிப்பாளருக்கு ஒரு மனு எழுதியது. முத்திரை ஒட்டவில்லை, அவ்வளவுதான் குறை. தலைப்பு, தரப்பினர், விடயங்கள், நிவாரணம் எல்லாம் முறைப்படி. மறுதரப்பைக் கேளாமல் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண். எரிபொருள் இல்லாமை மாணவரின் தவறல்ல. வரவு விதி சேரும்போது எழுத்தில் தரப்படவில்லை. ஆகவே அறிவித்தலை இரத்துச் செய்யும் எழுத்தாணை (ரிட்) வழங்கப்பட வேண்டும்.

மனு ஆசிரியர் அறைக்கு வந்ததும் எங்களுக்குள் வழக்குத் தொடங்கிவிட்டது. தனியார் நிலையத்துக்கு எதிராக எழுத்தாணை வருமா? வராது, அது பொது அதிகாரத்தைப் பிரயோகிப்பவர்களுக்கு எதிராக மட்டும்தான் என்றேன் நான். பொதுமக்கள் பணத்தில் கட்டிய கட்டடம், நம்பிக்கைப் பொறுப்புச் சபை, பொதுப் பரீட்சைக்குத் தயார்படுத்துகிறது, ஏன் வராது என்றார் இன்னொருவர். மாணவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள், பிறகு உள்ளே வந்தார்கள், பிறகு பக்கம் பிரிந்தார்கள். ஒருவர் ஒப்பந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, எழுத்தாணையே தேவையில்லை, கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தரவில்லை என்று மாவட்ட நீதிமன்றம் போனால் போதும் என்றார். ஐந்து வருடமாக நடக்காத கோப்பு வகுப்பு அன்றைக்குத் தானாக நடந்தது.

பணிப்பாளர் கதவருகில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து மனு எழுதிய பிள்ளையைப் பார்த்து, "பிள்ளை, நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

அப்பா இல்லை. 2009இல் காணாமல் போனவர்களில் ஒருவர். அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர.

பிள்ளை ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரவில்லை. இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் எழுதுவினைஞராக இருந்துகொண்டு திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கிறது. வேறு விவரம் கேட்காதீர்கள்.

மார்ச் 18

தனியார் நிலையத்துக்கு எழுத்தாணை வரும், வராது என்று இங்கேயும் இருபது பேர் மோதிக்கொண்டிருக்கிறீர்கள். சந்தோசம். என் நிலைப்பாடு மாறவில்லை, வராது.

மார்ச் 24

கடைசி ஆணி எது என்று ஒருவர் கேட்கிறார். என் கணக்கில் 2023.

அந்த ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதிவான் முன்னிலையில் அகழ்வு நடந்தது. சட்ட மாணவருக்கு இதைவிடப் பெரிய பாடம் எங்கே இருக்கிறது? சான்றுப் பொருளை யார் பொறுப்பேற்பது, சட்ட மருத்துவ அதிகாரியின் பங்கு என்ன, குடும்பங்களின் சட்டத்தரணிகள் எந்த நிலையில் தோன்றலாம்? நான் வகுப்பில் எடுத்தேன். செப்டெம்பர் இறுதியில் முல்லைத்தீவு நீதிபதி ரி. சரவணராஜா, குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கை அடுத்து அச்சுறுத்தல் இருப்பதாகச் சொல்லிப் பதவி விலகி நாட்டை விட்டுப் போனார். வடக்கில் சட்டத்தரணிகள் பணியைப் பகிஷ்கரித்து வீதியில் இறங்கினார்கள். அந்த வாரம் மாணவர்களுக்கு வேறு எதையும் படிப்பிக்க முடியுமா? நீதித்துறைச் சுதந்திரம் என்று பாடத்திட்டத்திலேயே ஒரு தலைப்பு இருக்கிறது.

திங்கட்கிழமை அறிவித்தல் பலகையில் வந்தது: நிலைய வளவுக்குள் அரசியல் பேசுவது, நடப்பு வழக்குகளைப் பற்றிக் கலந்துரையாடுவது முற்றாகத் தடை. மீறும் விரிவுரையாளர்களின் சேவை நிறுத்தப்படும்.

நடப்பு வழக்கைப் பேசக்கூடாத சட்ட வகுப்பு. மீன் பேச்சு எடுக்கக்கூடாத வாடி மாதிரி. நான் அந்தச் சனிக்கிழமையே விலகல் கடிதம் கொடுத்தேன், இன்னும் மூன்று பேர் அதே மாதம். அவர் பயந்தார் என்பது எனக்கு விளங்குகிறது. புலனாய்வுக்காரர் இரண்டு தடவை வந்து மாணவர் பட்டியல் கேட்டுப் போனது எனக்கும் தெரியும். அந்தப் பயத்தை நான் இளக்காரமாக எடுக்க மாட்டேன். ஆனால் ஆசிரியர்களைக் கூப்பிட்டு, "இப்படி வருகிறார்கள், என்ன செய்வோம்" என்று கேட்டிருக்கலாம். அறை நிறையச் சட்டத்தரணிகள் இருந்தோம். அவர் எங்களிடம் ஒரு சட்ட ஆலோசனையாவது கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மார்ச் 31

மேலே எழுதியதையெல்லாம் திரும்ப வாசித்தேன். ஒரு ஆளைப் பற்றியே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். சபையைப் பற்றி ஒரு வரிதான்.

சபையில் ஏழு பேர். அதில் மூவர் சட்டத்தரணிகள், ஒருவர் ஓய்வுபெற்ற நீதிமன்றப் பதிவாளர். வருடத்துக்கு இரண்டு கூட்டம், இரண்டிலும் மதியச் சாப்பாடு. நேரசூசியிலிருந்து நீக்கப்பட்ட யாழ்ப்பாண விரிவுரையாளர் சபைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் போகவில்லை. மாணவர் எண்ணிக்கை ஒவ்வொரு வருடமும் விழுந்தபோது கட்டடத்துக்குப் புதுப் பெயின்ற் அடிக்கத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். கேள்வி கேட்டவர் கண்ட பளபளக்கும் பலகை அந்தத் தீர்மானத்தின் விளைவு. பாடசாலை அதிபரைப் பாடசாலை அதிபராக நடந்துகொண்டதற்கு எவ்வளவு தூரம் குற்றம் சொல்வது? அவரைத் தேர்ந்தவர்களுக்குச் சட்ட வகுப்பு எப்படி நடக்க வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. என் கோபத்தில் பெரிய பங்கு இப்போது அந்தப் பக்கம் போகிறது. பணிப்பாளர்மேல் இருந்தது குறைந்தது என்று நினைக்க வேண்டாம், அந்தத் துணுக்காய்ப் பிள்ளையின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

சபையில் இருந்த ஒருவர் இந்த இழையை வாசிக்கிறார் என்று தெரியும். எழுதுங்கள், மறுமொழி போட உங்களுக்கு உரிமை உண்டு. தவணை கேட்டாலும் தருகிறேன்.

ஏப்ரல் 7

பதில் வரவில்லை. ஒருதரப்பு விசாரணை.

ஏப்ரல் 21

புத்தாண்டு முடிந்து வந்து பார்த்தால் இழை வேறு எங்கோ போயிருக்கிறது. நல்ல சட்டத்தரணிக்கு நல்ல குரல் வேண்டுமா, ஒட்டுசுட்டானில் இன்னும் அப்புக்காத்து என்று கூப்பிடும் கிழவர்கள் உண்டா, நீதிமன்றச் சிற்றுண்டிச்சாலை வடை ஏன் இப்படிச் சின்னதாகிவிட்டது. சட்டத்தரணிகளை அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டாகப் பிரித்தது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டது, கிழவர்களுக்கு யாரும் அறிவிக்கவில்லை. வடை பற்றி எனக்கும் மனவருத்தம் உண்டு.

இப்போது எங்கே படிப்பது என்று உண்மையாகக் கேட்ட இருவருக்கு: பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் யாழ்ப்பாணத்துச் சட்டத்துறை. வேலை செய்துகொண்டு படிப்பதானால் திறந்த பல்கலைக்கழகம். நுழைவுப் பரீட்சைக்குச் சூம் வகுப்பே போதும், ஆனால் நீதிமன்றத்துக்கு வந்து பின்வாங்கில் இருந்து பாருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் தடுக்கப்போவதில்லை. பழைய கோப்பு வகுப்பு மாணவர்கள் சிலர் ஞாயிறு காலையில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுகிறார்கள். நானும் சில நாள் போகிறேன். அங்கே சேர விரும்பினால் தனியாக எழுதுங்கள்.

ஏப்ரல் 28

நீதிமன்றத்தையும் பள்ளியையும் விட்டுவிட்டு என்னிடம் காணிக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். ஒன்றுக்கு மட்டும் பதில்.

பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார், 1979ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் போகலாமா என்று கேட்டவருக்கு: எப்போது தள்ளினார் என்று நீங்கள் சொல்லவில்லை. வழக்குத் தாக்கல் செய்யும் திகதிக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால் மட்டுமே அதில் உங்களுக்குக் கை கொடுக்கும். பொங்கலுக்கு முன்பு என்றால் அந்த வழி போய்விட்டது. ஒரு வருடம் தாண்டாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்சி மீட்பு வழக்குப் போடலாம். நாளை நாளை என்று இழுக்காமல் போங்கள்.

இனி யாரும் உறுதியையும் பேர்மிட்டையும் படம் பிடித்து இங்கே போட வேண்டாம். நேற்றுப் போட்ட படத்தில் அடையாள அட்டை இலக்கம் அப்படியே தெரிகிறது. எடுத்துவிடுங்கள்.